பிஎஃப், பேரோல், ஆடிட் மூணையும் ஒரே ஆபீஸ்ல குடுத்தோம் – திருப்பூர் பனியன் கம்பெனில இருந்து ஒரு ரிவ்யூ

மூணு வருஷமா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்கிட்ட எங்க கம்பெனியோட சம்பள கணக்கு, பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளி மருத்துவ காப்பீடு), வருஷ ஆடிட் எல்லாத்தையும் குடுத்து வச்சிருக்கோம், நிறைய பேரு வாட்ஸ்அப்ல "எப்படி இருக்காங்க, போலாமா"ன்னு கேக்குறாங்க, அதான் எல்லாருக்கும் ஒரே இடத்துல எழுதிடுறேன். பேரு போடல, கேக்குறவங்களுக்கு தனியா சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா சம்பளத்துக்கும் வருமான வரிக்கும் இருக்குற முடிச்சு புரியாம இந்த ஆபீஸ் நல்லாருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது.

நாங்க சின்ன கம்பெனிதான். நானும் தம்பியும் பார்ட்னர், டர்னோவர் 12 கோடி பக்கம், டைலர், கைமடி (டைலருக்கு கூட நிக்கிற ஹெல்பர்), செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேத்து இப்ப 80 பேரு கிட்ட இருக்காங்க. பாதி பேரு நம்ம ஊரு பக்கம், மீதி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். பல வருஷமா சனிக்கிழமை சாயந்திரம் கவர்ல காசு போட்டு சம்பளம் குடுத்துதான் பழக்கம், திருப்பூர்ல இருக்குறவங்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டியதில்ல.

முதல்ல ஏன் மாத்துனோம்னு சொல்றேன். முன்னாடி ஒரு பிஎஃப் கன்சல்டன்ட் இருந்தாரு, ஆடிட்டர் வேற ஆளு, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டது கூட இல்ல. 2021-22ல சரக்கு வாங்குற பார்ட்டிகிட்ட இருந்து பேமென்ட் இழுத்துட்டு போச்சு, கையில இருக்குற காசு சனிக்கிழமை சம்பளத்துக்கே சரியா போயிரும், அதனால அஞ்சு மாசம் பிஎஃப் ஈஎஸ்ஐ சலான் 15ம் தேதிக்கு பதிலா 17, 18, ஒரு தடவ 20ன்னு கட்டுனோம். கன்சல்டன்ட்கிட்ட கேட்டப்ப "ரிட்டர்ன் ஃபைல் பண்றதுக்குள்ள கட்டுனா போதுங்க, கொஞ்சம் வட்டி வரும், அவ்வளவுதான்"னு சொல்லிட்டாரு. நாங்களும் நம்பிட்டோம். கட்டாம விடலையே, ரெண்டு மூணு நாள் லேட்டுதானேன்னு.

ஆனா அந்த பேச்சு முதலாளி பங்குக்கு மட்டும்தான் பொருந்தும். நாம கம்பெனி சார்பா போடுற 12% பிஎஃப், 3.25% ஈஎஸ்ஐ வருமான வரி சட்டத்துல 43பி பிரிவுல வருது, அத ரிட்டர்ன் கெடு தேதிக்குள்ள கட்டிட்டா செலவா ஏத்துக்குவாங்க. தொழிலாளி சம்பளத்துல இருந்து நாம பிடிக்கிற 12% பிஎஃப், 0.75% ஈஎஸ்ஐ அந்த வருஷத்து சட்டப்படி அப்படி கிடையாது. பிடிச்ச உடனே அது நம்ம வருமானம்னு சட்டம் வச்சுக்குது, அடுத்த மாசம் 15ம் தேதிக்குள்ள கட்டுனாத்தான் 36(1)(விஏ)ல கழிச்சு குடுக்கும். 16ம் தேதி கட்டுனா அந்த வருஷமும் கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது, மொத்தமா போச்சு. முன்னாடி சில ஹைகோர்ட்டுகள் நமக்கு சாதகமா சொல்லிட்டு இருந்தது உண்மைதான், ஆனா 2021 பட்ஜெட்லயே இத தெளிவா விளக்கம் போட்டுட்டாங்க, அப்புறம் 2022 அக்டோபர் 12ம் தேதி செக்மேட் சர்வீசஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பழைய வருஷங்களுக்கும் சேத்து முடிச்சு வச்சிருச்சு.

எங்களுக்கு எவ்ளோ அடின்னா, அப்ப 62 பேரு, பிஎஃப் பிடிக்கிற சம்பளம் ஆளுக்கு சராசரி 11,000, ஈஎஸ்ஐக்கு 13,000. தொழிலாளி பங்கு மட்டும் மாசம் 87,885 ரூபாய். அஞ்சு மாசத்துக்கு 4,39,425. பார்ட்னர்ஷிப்புக்கு வரி 30%, அது மேல செஸ் 4%, ஆக 31.2%. கிட்டத்தட்ட 1,37,000 ரூபாய் வரி, வட்டி தனி. அந்த காச நாங்க கவர்மென்ட்டுக்கு கட்டியாச்சு, தொழிலாளி கணக்குல ஏறியாச்சு, இருந்தும் அது எங்க லாபம்னு சொல்லி வரி. வருமான வரித்துறையோட ரிட்டர்ன் சரி பாக்குற பெங்களூர் சிபிசில இருந்து தானாவே அட்ஜஸ்ட் பண்ணி இன்டிமேஷன் வந்துருச்சு, ஏன்னா ஆடிட் ரிப்போர்ட் 3சிடில எந்த தேதி கெடு, எந்த தேதி கட்டுனோம்னு நம்ம ஆடிட்டரே வரி வரியா போட்டுதான ஆகணும், அந்த டேட்டாவ வச்சே கம்ப்யூட்டர் பிடிச்சுக்குது. அந்த மெயில படிச்சப்ப என் வீட்டுக்காரம்மா "இத ஒருத்தராச்சும் முன்னாடியே சொல்லிருக்கலாமே"ன்னாங்க. எனக்கும் அதே கோவம்தான் இன்னைக்கும் இருக்கு, ஏன்னா அந்த அஞ்சு மாசமும் வேற ஏதாவது பேமென்ட்ட ரெண்டு நாள் தள்ளி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்.

2023 மார்ச்ல ஒரு தெரிஞ்சவரு மூலமா இந்த ஆபீஸுக்கு போனோம். ஆடிட்டர் மேடம் ஒருத்தங்க, கூட ஏழெட்டு ஸ்டாஃப். போன உடனே எல்லாரும் பேலன்ஸ் ஷீட் கேப்பாங்க, இவங்க முதல்ல கேட்டது மஸ்டர் ரோல், அதாவது ஆளுங்களோட வருகை பதிவேடு. "எத்தன பேரு, யாரு வாரச்சம்பளம், யாரு மாசச்சம்பளம், யாருக்கு கையில காசு, யாருக்கு அக்கவுன்ட்ல, கான்ட்ராக்ட் யாரு, எல்லாம் எழுதி குடுங்க சார், வரிய அப்புறம் பாக்கலாம்"னாங்க. அந்த இடத்துலயே எனக்கு பிடிச்சு போச்சு.

ரெண்டாவது நாளே அயர்ன் கான்ட்ராக்டர் கணக்க எடுத்து வச்சாங்க. அவருக்கு வாரா வாரம் 18,000 ரூபாய் கேஷா குடுத்துட்டு இருந்தோம். ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல கேஷ் குடுத்தா அந்த செலவு முழுசும் 40ஏ(3)ல கழிக்க முடியாம போயிரும், 8,000 மட்டும் இல்ல, 18,000மும். இது போக வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல போற கான்ட்ராக்ட், 194சில டிடிஎஸ் (காசு குடுக்கும்போதே பிடிச்சு கட்டுற வரி) பிடிக்கணும், தனி ஆளா இருந்தா 1%. பிடிக்கலன்னா அதுல 30% செலவா ஏத்துக்க மாட்டாங்க. 1% பிடிக்காம விட்டதுக்கு 30%. டைலருங்களுக்கு வாரம் 4,000, 5,000 கேஷா குடுத்தா இந்த 10,000 பிரச்சன வராது, அது மேடமும் சொன்னாங்க. ஆனா உடனே இன்னொன்னு சொன்னாங்க, "அத கேஷா குடுக்குறதால நீங்க வேற ஒண்ண இழக்குறீங்க"ன்னு.

அதுதான் 80ஜேஜேஏஏ. இந்த பேரையே நான் அன்னைக்குதான் கேள்விப்பட்டேன், இருபது வருஷமா தொழில் பண்றேன். புதுசா ஆள் சேத்தா அந்த ஆளுங்களோட முதல் வருஷ சம்பளத்துல 30%, மூணு வருஷத்துக்கு வருஷா வருஷம் வருமானத்துல கழிச்சுக்கலாம். சம்பளம் எப்பவும் போல முழுசா செலவா கழிஞ்சுரும், அதுக்கு மேல இது எக்ஸ்ட்ரா. 2016 பட்ஜெட்ல இருந்து எல்லா தொழிலுக்கும் இருக்கு, புது வரி முறைக்கு போனாலும் கிடைக்கும். ஆனா சம்பளம் பத்தி அவங்க வைக்கிற கண்டிஷன் ஒவ்வொண்ணும் நூல் பிடிச்ச மாதிரி. மாச சம்பளம் எல்லாம் சேத்து 25,000 தாண்டக்கூடாது, ஓவர்டைம் பணமும் அதுல சேரும். பிஎஃப்ல இருக்கணும். சம்பளம் பேங்க் வழியாத்தான் போகணும், கேஷா குடுத்தா அந்த சலுக இல்ல. போன வருஷம் மார்ச் 31ல இருந்த ஆள் எண்ணிக்கைய விட இந்த வருஷம் மார்ச் 31ல கூட இருக்கணும், பத்து பேரு போய் பத்து பேரு வந்தா ஒண்ணும் கிடையாது. தம்பி பேர்ல புது கம்பெனி ஆரம்பிச்சு பழைய டைலருங்களயே அங்க மாத்தி காட்டலாமான்னு நினைக்கிறவங்களுக்கு, கம்பெனிய பிரிச்சு உண்டாக்குன தொழிலுக்கு இது கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதிருக்கு, அந்த யோசனையே வேண்டாம்.

அப்புறம் நாள் கணக்கு. இதுதான் திருப்பூருக்கு ரொம்ப முக்கியம், இத எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல. மத்த தொழிலுக்கு அந்த வருஷத்துல 240 நாள் வேலைல இருந்திருக்கணும். துணி தைக்கிற தொழிலுக்கு 150 நாள் போதும், 2018ல செருப்பு, லெதர் தொழிலுக்கும் அத குடுத்தாங்க. நம்ம ஊர்ல ஆளுங்க எப்ப மாறுவாங்க, தீபாவளி போனஸ் வாங்கிட்டு ஊருக்கு போனா வேற கம்பெனிக்கு போவாங்க, பொங்கலுக்கு போனா ஒரு பத்து பேரு வரமாட்டாங்க, ஹோலிக்கு வடக்க போறவங்க ரெண்டு மாசம் கழிச்சு வருவாங்க. 2023-24ல 240 நாள் வேணும்னா ஆகஸ்ட் 5ம் தேதிக்குள்ள சேந்திருக்கணும், 150ன்னா நவம்பர் 3 வரைக்கும் டைம் இருக்கு. அந்த மூணு மாசத்துலதான் எங்களுக்கு தீபாவளி ஆர்டர், குளிர்கால ஆர்டர் எல்லாத்துக்கும் ஆள் சேக்குறதே. மேடம் காலண்டர விரிச்சு வச்சு இத காமிச்சப்ப இந்த சட்டத்த எழுதுன ஆளு நம்ம தொழில பக்கத்துல இருந்து பாத்திருக்காருன்னுதான் தோணுச்சு.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. தீபாவளிக்கு அப்புறம் சேந்தவங்களுக்கு மார்ச் 31 வரைக்கும் எண்ணுனா 140 நாள்தான் வருது, பத்து நாள்ல போச்சேன்னு நான் சொன்னேன். "போகல சார், 2018ல ஒரு திருத்தம் இருக்கு, அடுத்த வருஷம் அவங்க 150 நாள் முடிச்சா அடுத்த வருஷத்துல சேந்த மாதிரி எடுத்துக்கலாம்"னு சொல்லி அவங்க பேர எல்லாம் தனி ஷீட்ல எழுதி வச்சாங்க. இந்த மாதிரி ஒரு விஷயத்த நாமளா கேட்டு வாங்கவே முடியாது, கேக்கணும்னே தெரியாதே.

பேங்க்குக்கு மாத்துறதுதான் பெரிய வேலை. எங்க ஆளுங்க பயந்துட்டாங்க, அக்கவுன்ட்ல போட்டா லோன்காரன் எடுத்துக்குவான், ஏடிஎம் கார்டு ஊர்ல அப்பாகிட்ட இருக்கு, சனிக்கிழமை சந்தைக்கு காசு வேணும். ஒரு அக்கா, பதினஞ்சு வருஷமா எங்ககிட்ட பேட்லாக் தையல் அடிக்கிறவங்க, "கையில வாங்குனாத்தானுங்க சம்பளம் வாங்குன மாதிரி இருக்கும்"னு சொன்னாங்க. அத நான் தப்பா எடுத்துக்கல. அந்த ஆபீஸ்ல இருந்து ஒரு தம்பி வந்து ரெண்டு நாள் ஃபேக்டரில உக்காந்து ஒவ்வொருத்தருக்கா ஆதார், பேங்க் பாஸ்புக், யுஏஎன் (பிஎஃப் நம்பர்) எல்லாம் சரி பாத்தாப்ல. ஆதார்ல ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேரு, பிறந்த தேதி வேற, இதுவே ஒரு இருபது பேருக்கு. வாரச்சம்பளம் வாரச்சம்பளமாவே இருக்கட்டும், சனிக்கிழமை மத்தியானம் அக்கவுன்ட்ல ஏறிரணும்னு முடிவு பண்ணோம். முதல் மாசம் ரொம்ப கஷ்டம். ரெண்டு பேரு வேலைய விட்டே போயிட்டாங்க. மூணாவது மாசத்துக்கு அப்புறம் பேச்சே இல்ல.

இப்ப கணக்குக்கு வர்றேன், ஏன்னா எல்லாரும் கேக்குறது இதத்தான். 2023 மார்ச் 31ல 64 பேரு, 2024 மார்ச் 31ல 78 பேரு. வருஷத்துல புதுசா சேந்தது 31 பேரு. அதுல 150 நாள் முடிச்சது 19. அந்த 19ல மூணு பேருக்கு சேந்த முதல் ரெண்டு வாரம் எங்க சூப்பர்வைசர் கேஷா குடுத்துட்டாரு, அக்கவுன்ட் இல்லன்னு. ரெண்டு பேருக்கு ஆதார் பேரு பிரச்சனைல பிஎஃப்ல சேக்கவே இல்ல. மேடம் அந்த அஞ்சு பேரையும் எடுத்துட்டாங்க. நான் சொன்னேன், ரெண்டு வாரம்தானே மேடம், யாரு பாக்கப்போறான்னு. "நான் கையெழுத்து போடுறேன் சார், பாக்குறது நான்தான்"னாங்க. அப்புறம் பேசல.

மிச்சம் 14 பேரு, கூடுன எண்ணிக்கையும் 14, சரியா வந்துச்சு. ஆளுக்கு சராசரி 13,500, எட்டு மாசம், ஆக 15,12,000 ரூபாய். அதுல 30% 4,53,600. வரில மிச்சம் 1,41,523 ரூபாய். அடுத்த ரெண்டு வருஷமும் அதே 4,53,600 கழியும். லாபம் இருக்குற வரைக்கும் மூணு வருஷத்துக்கு 4 லட்சத்து சொச்சம்.

இத கேட்ட உடனே நான் ரொம்ப ஆசப்பட்டுட்டேன், அந்த அயர்ன் கான்ட்ராக்டர்கிட்ட இருக்குற ஒம்போது பேரையும் நம்ம ரோல்லயே எடுத்துக்கலாமான்னு கேட்டேன். எந்த ஆடிட்டரும் ஆமான்னு சொல்லிருப்பாங்க. இவங்க ஒரு பேப்பர் எடுத்து எழுதி காமிச்சாங்க, 30%க்கு 31.2% போட்டா சம்பளத்துல 9.36% தான் வரி மிச்சம், அதுவும் முதல் வருஷ சம்பளத்த வச்சு மூணு வருஷத்துக்கு மட்டும். ரோல்ல எடுத்தா நம்ம பங்கு பிஎஃப் 12%, அது போக இன்சூரன்ஸ், நிர்வாக சார்ஜ்னு 1%, ஈஎஸ்ஐ 3.25%, அது அவங்க இருக்குற வரைக்கும் ஒவ்வொரு மாசமும். அந்த பிஎஃப் பங்கு இந்த 30% கணக்குல சேரவும் சேராது. "ஆள் தேவைப்பட்டா எடுங்க, வரிக்காக எடுக்காதீங்க சார், எடுத்த ஆளுக்கு கிடைக்கிறத விடாம வாங்கி குடுக்குறது என் வேலை"னாங்க. அந்த பேப்பர இன்னும் வச்சிருக்கேன்.

இன்னொரு விஷயம், இது எங்களுக்கு இல்ல, என் மச்சானுக்கு. அவரு ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்காரு, டர்னோவர் 2.6 கோடி, 50 பேரு கிட்ட. என்னைய பாத்துட்டு அவரும் இதே ஆபீஸுக்கு வந்தாரு. இங்கதான் எனக்கு மனசு கஷ்டமா போச்சு. 80ஜேஜேஏஏ யாருக்குன்னா 44ஏபில ஆடிட் கட்டாயம் இருக்குறவங்களுக்கு மட்டும். டர்னோவர் 1 கோடி தாண்டுனா ஆடிட், ஆனா வரவுலயும் செலவுலயும் கேஷ் 5% தாண்டலன்னா அந்த வரம்பு 10 கோடி ஆயிரும். மச்சான் முன்னாடி சம்பளம் எல்லாம் கேஷ், அப்ப ஆடிட் கட்டாயம், ஆனா கேஷ் சம்பளத்துக்கு சலுக இல்ல. சரின்னு கஷ்டப்பட்டு எல்லாத்தையும் பேங்க்குக்கு மாத்துனாரு, கேஷ் 5%க்கு கீழ வந்துருச்சு, 10 கோடி வரைக்கும் ஆடிட் தேவையில்லன்னு ஆயிருச்சு, ஆடிட் இல்லன்னா சலுகையும் இல்ல. எந்த பக்கம் போனாலும் கதவு சாத்துது. எங்களுக்கு 12 கோடிங்கறதால தப்பிச்சோம். உண்மையிலயே சின்னதா இருக்குற, ஆள் போட்டு வேல குடுக்குற, கூலிக்கு தைச்சு குடுக்குற பவர் டேபிள்காரங்க, ஜாப் ஒர்க்காரங்களுக்குத்தான் இது போய் சேரணும், அவங்களுக்கே கிடைக்கல. இத சங்கம் மூலமா யாராவது மேல எடுத்துட்டு போகணும், நான் எங்க கூட்டத்துல ரெண்டு தடவ பேசிட்டேன், இன்னும் பேசுவேன்.

மேடம் இத மச்சான்கிட்ட முதல் நாளே சொல்லிட்டாங்க, ஃபீஸ் வாங்குறதுக்கு முன்னாடியே. "உங்களுக்கு அந்த சலுக வராதுங்க, ஆனா பேங்க்ல போடுறது நல்லதுதான், 44ஏடில 3 கோடி வரைக்கும் போலாம், ஆடிட் செலவும் மிச்சம்"னு. அங்க போனா டர்னோவர்ல 6% லாபம்னு எடுத்துக்குவாங்க, சம்பளத்த தனியா கழிக்கிற பேச்சே வராது. அவரு அப்படித்தான் போனாரு. ஆனா பிஎஃப் ஈஎஸ்ஐ மட்டும் இவங்களே பாக்குறாங்க.

வீட்டு ஆளுங்க சம்பளம் பத்தியும் சொல்லணும், நம்மல்ல நிறைய பேரு இதுல மாட்டுவோம். என் வீட்டுக்காரம்மா ஸ்டோர்ஸும் கணக்கும் பாக்குறாங்க, மாசம் 35,000. சொந்தக்காரங்களுக்கு வேலைக்கு மீறி சம்பளம் காட்டுனா கூடுதலா இருக்குறத 40ஏ(2)ல வெட்டலாம், அதனால அவங்க என்ன வேல பாக்குறாங்கன்னு ஒரு ஆர்டர், அட்டென்டன்ஸ், பேங்க் வரவு எல்லாம் வச்சுக்க சொன்னாங்க. பார்ட்னர் சம்பளம்னா பார்ட்னர்ஷிப் டீட்ல எழுதிருக்கணும், எவ்ளோ எடுக்கலாம்னு 40(பி)ல வரம்பு இருக்கு, 2024-25ல இருந்து அந்த வரம்ப கூட்டிட்டாங்க, முதல் 6 லட்சம் லாபத்துக்கு 3 லட்சம் இல்ல 90%, எது அதிகமோ அது, அதுக்கு மேல 60%. எங்க டீட் பழசு, மாத்தி எழுதி குடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து பார்ட்னருக்கு குடுக்குற சம்பளம், வட்டி எல்லாம் சேந்து வருஷத்துக்கு 20,000 தாண்டுனா 10% டிடிஎஸ் பிடிக்கணும்னு வந்துச்சு, அதுக்கு மார்ச் மாசமே மெசேஜ் போட்டு ஞாபகப்படுத்துனாங்க.

சரி, குறை என்னன்னு சொல்லலன்னா இது ரிவ்யூவே இல்ல. செப்டம்பர், அக்டோபர்ல போன் எடுக்கவே மாட்டாங்க. 80ஜேஜேஏஏக்கு ஃபார்ம் 10டிஏன்னு ஒரு ரிப்போர்ட் ஆடிட்டர் ஃபைல் பண்ணணும், ரிட்டர்ன் கெடுவுக்கு ஒரு மாசம் முன்னாடியே போயிரணும், அதாவது சாதாரணமா செப்டம்பர் 30க்குள்ள. முதல் வருஷம் அத 28ம் தேதி ராத்திரி போட்டாங்க, நான் மூணு நாளா போன் பண்ணி ஆளு கிடைக்கல, தூக்கமே இல்ல. 10டிஏக்கு தனியா 15,000ன்னு பில்லு வந்தப்பதான் தெரிஞ்சுச்சு, முன்னாடியே சொல்லிருக்கணும், நேர்லயே சொல்லிட்டேன், அடுத்த வருஷத்துல இருந்து மொத்தமா எழுதி குடுத்துட்டாங்க. ஸ்டாஃப் அடிக்கடி மாறுறாங்க, எங்க ஃபைல் பாத்த அந்த நல்ல தம்பி போயிட்டாப்ல, அப்புறம் வந்த பொண்ணு 2024ல நாலு புது ஆளுங்களுக்கு ஈஎஸ்ஐ நம்பர் போட மறந்துட்டாங்க, அதுல ஒரு பையனுக்கு கையில ஊசி ஏறி ஆஸ்பத்திரி போனப்பதான் தெரிஞ்சுச்சு. செலவு நாங்க பாத்துக்கிட்டோம், ஆனா அது எனக்கு மன்னிக்கிற விஷயமா தெரியல, மேடம்கிட்ட கோவமாவே பேசுனேன். அவங்க மறுநாளே நேர்ல வந்து எல்லா பேரையும் ஒண்ணொண்ணா டிக் அடிச்சு பாத்தாங்க, இப்ப புது ஆள் சேந்தா 10 நாளுக்குள்ள நம்பர் ப்ரிண்ட் எடுத்து அனுப்புறாங்க. ஹிந்தி பேசுற ஆள் அங்க யாரும் இல்ல, நம்ம தொழிலுக்கு அது பெரிய குறை, ஒடிசா பசங்க ஏதாச்சும் கேட்டா எங்க சூப்பர்வைசர்தான் நடுவுல நின்னு சொல்லணும்.

ஆனா ஒண்ணு, மூணு வருஷத்துல ஒரு சலான் கூட 15ம் தேதி தாண்டல. 3ம் தேதிக்குள்ள அட்டென்டன்ஸ் அவங்க எக்செல்ல போட்டு அனுப்பணும், 8ம் தேதி ஈசிஆர் (மாசா மாசம் போடுற பிஎஃப் ரிட்டர்ன்) ரெடி பண்ணி தொகை சொல்லிருவாங்க, 10ம் தேதி ஒரு போன், 12ம் தேதி இன்னொரு போன். பார்ட்டி பேமென்ட் வரலன்னா "மத்தத தள்ளுங்க, இத தள்ளாதீங்க"ன்னு கறாரா சொல்லிருவாங்க. இத பழைய கன்சல்டன்ட் ஒரு தடவ சொல்லிருந்தா அந்த 1,37,000 எங்ககிட்டயே இருந்திருக்கும்.

ஃபீஸ் சொல்லிடுறேன். பேரோல், பிஎஃப், ஈஎஸ்ஐ சேத்து மாசம் 7,000, ஜிஎஸ்டி 18% சேந்து 8,260. வருஷ ஆடிட் 85,000, 10டிஏ 15,000, ரெண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. பழைய ஆளுங்க ரெண்டு பேருக்கும் குடுத்தத விட 40,000 கிட்ட கூடத்தான். 30 பேருக்கு கம்மியா வச்சிருக்குறவங்களுக்கு, டர்னோவர் கம்மியா இருக்குறவங்களுக்கு இந்த ஃபீஸ் அதிகம்னு நானே சொல்வேன், மச்சான் மாதிரி பிஎஃப் மட்டும் குடுத்தா போதும், அவருக்கு மாசம் 4,000 வாங்குறாங்க.

2024-25ல எங்களுக்கு எண்ணிக்கை 78ல இருந்து 81தான் ஆச்சு, அதனால புது சலுக மூணு பேருக்குத்தான். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% டேரிஃப் போட்டதுக்கு அப்புறம் புதுசா ஆள் சேக்குற பேச்சே இல்லாம போச்சு, இருக்குறவங்களுக்கு வேல குடுத்தா போதும்னு ஓட்டுறோம். 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரி சட்டங்கறதால நான் மேல எழுதுன பிரிவு நம்பர் எல்லாம் மாறுது, நான் சொன்னது பழைய சட்டத்து நம்பரும் விதியும், அதுக்கு முந்தின வருஷங்களுக்கு அதுதான். புது நம்பர உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், அந்த ஈஎஸ்ஐ விஷயத்துக்காகத்தான் ஒண்ணு கம்மி. போறதா இருந்தா ஏப்ரல், மே மாசத்துல போங்க, அப்ப மேடம் நேர்ல உக்காந்து ஒரு மணி நேரம் பேசுவாங்க. போகும்போது போன வருஷ மார்ச் 31, இந்த வருஷ மார்ச் 31 ரெண்டு தேதிக்கும் மஸ்டர் ரோல் எடுத்துட்டு போங்க, கான்ட்ராக்டருக்கு குடுத்த வவுச்சரும் எடுத்துட்டு போங்க, அது இல்லாம போனா இன்னொரு நாள் வாங்கன்னு திருப்பி அனுப்பிருவாங்க. செப்டம்பர்ல மட்டும் போகாதீங்க.